ஐப்பசி மழையும் 178 வாக்குகளும்: சிரிப்புக்குள்ளான ஒரு விடைத்தாள் பற்றிய நிகழ்வு ஆய்வு

"கீழூர் வாக்கெடுப்பில் 178 பேர் மட்டுமே வாக்களித்தனர். ஐப்பசி மழை காரணமாக மற்ற மக்கள் வர இயலவில்லை. இருந்தபோதிலும் 170 பேர் இந்தியாவுக்கு ஆதரவளித்தனர்."

கடலூரில் நான் வேலை பார்க்கும் கலைக் கல்லூரியில், வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் இன்டர்னல் தேர்வில் எழுதிய வரிகள் இவை. கேள்வி, கீழூர் வாக்கெடுப்பு பற்றிக் குறிப்பு வரைக. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்ய 1954இல் நடந்த வாக்கெடுப்பு அது. ஐந்து மதிப்பெண். திருத்திய ஆசிரியர் 'மழை' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஒரு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

இந்த ஒரு விடை பேராசிரியர் அறையிலிருந்து வெளியே போய், ஒரு மாணவரைச் சில வாரங்கள் கல்லூரிப் பக்கமே வரவிடாமல் செய்தது. என்ன நடந்தது என்று விசாரிக்கத் துறைத்தலைவர் எங்களில் இருவரைக் கேட்டுக்கொண்டார். அந்த விசாரணையிலிருந்து எழுந்ததுதான் இந்தக் கட்டுரை. மாணவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை யாரென்று காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். "மழையை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை.

நடந்தது

விடைத்தாள் திருத்தும் நாட்களில் எங்கள் அறை எப்படி இருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேசை முழுக்கக் கட்டுகள். ஒரே கேள்விக்கு ஒரே விடையை, அதே கமாவோடும் அதே பிழையோடும், திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு விசித்திரமான வரி வந்தால் அதை உரக்கப் படிக்காமல் இருக்க முடியாது. அன்றும் அப்படித்தான் நடந்தது. மழை வரியை ஒருவர் வாசித்தார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் அங்கே இருந்தேன். இதுவரை நடந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்து ஒரு கைபேசி வெளியே வந்தது. பக்கத்தைப் படமெடுத்தவர் பதிவெண் இருந்த மூலையைக் கவனமாக மடித்துக்கொண்டார். அந்த அளவுக்கு எச்சரிக்கை இருந்தது. படம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து புதுச்சேரிக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்களின் குழுவுக்கும், பிறகு பழைய மாணவர் ஒருவரின் ஸ்டேட்டஸுக்கும் போய்ச் சேர்ந்தது. கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜி வழியெல்லாம் கூடிக்கொண்டே போயிற்று.

மூலையை மடித்தது பயன்படவில்லை. அந்த மாணவர் தலைப்புகளுக்கு அடியில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் இரட்டை அலைக்கோடு போடுகிறவர். வகுப்பில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. படம் வகுப்புக் குழுவுக்கு வந்ததும் யாருடைய தாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மட்டும் அன்று வகுப்பில் இல்லை. முகூர்த்த நாள், புதுச்சேரியில் ஒரு திருமண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருந்தார். பந்தி பரிமாறி முடித்துக் கை கழுவும்போது, கூட வேலை செய்த பையன்தான் கைபேசியை நீட்டியிருக்கிறான். "டேய், இது உங்க காலேஜ்தானடா?"

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வகுப்பில் 'மழை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவில் 'ஆ' வரிசையாக ஏறிக்கொண்டே போக, வகுப்புப் பொறுப்பாசிரியை அவருடைய நண்பனைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்போதுதான் விஷயம் துறைக்கே தெரிந்தது.

மழை எங்கிருந்து வந்தது

முதலில் மாணவரைத்தான் பார்த்தோம். துறை நூலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துத்தான் பேசினார்.

"மழைன்னு எங்கப்பா படிச்ச?"

"எங்கயும் படிக்கல சார். 178 பேர் ஓட்டுப் போட்டாங்கன்னு நோட்ஸ்ல இருந்துச்சு. புதுச்சேரி முழுக்க எப்படி சார் 178 பேர் மட்டும் ஓட்டுப் போடுவாங்க? ஏதோ காரணம் இருக்கும்னு தேதியப் பாத்தேன். அக்டோபர் 18. அந்த நேரத்துல நம்ம பக்கம் மழதானே சார்."

இந்தப் பதிலைக் கேட்டதும் என்னோடு வந்திருந்த பேராசிரியை பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் விசாரணை திசை திரும்பியது அந்த இடத்தில்தான்.

வடகிழக்குப் பருவமழை, 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று பார்த்து வளர்ந்த கடலூர்ப் பிள்ளைக்கு, ஐப்பசியில் கூட்டம் வராததற்கு மழையைவிடப் பொருத்தமான காரணம் எது? விடை தவறு. ஆனால் அந்த விடை வந்த வழியில் யோசனை இருந்தது. 178 என்ற எண்ணை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போன மற்றவர்கள் யாருக்கும் அது சின்ன எண் என்று தோன்றவே இல்லை. இவருக்குத் தோன்றியிருக்கிறது.

நோட்ஸைக் கொண்டுவரச் சொன்னோம். ஜெராக்ஸ் தாள்கள், மூலையில் ஸ்டேப்ளர் பின். வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதியதை ஒரு சீனியர் மாணவி நன்றாகப் பிரதி செய்திருக்கிறார். அது பல கை மாறி, ஜெராக்ஸின் ஜெராக்ஸாக இவரிடம் வந்திருக்கிறது. வகுப்பில் இருந்திருந்தால் தானே எழுதியிருப்பார். வேலைக்குப் போன நாட்களின் பாடமெல்லாம் இவருக்கு இந்தத் தாள்கள்தான்.

கீழூர் வரும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அடிவிளிம்பில் ஒரு வரி பாதியோடு நின்றது. எழுத்துகளின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. புள்ளிகளும் சில சுழிகளும். அதற்குக் கீழே தாள் இல்லை. அடுத்த பக்கம் இப்படித் தொடங்கியது: "178 பேர் வாக்களித்தனர். ஆதரவு 170, எதிர்ப்பு 8."

காரணம் எளிது. மூலம் எழுதப்பட்டது நீளமான ஒரு நோட்டில். ஜெராக்ஸ் கடையில் ஓடுவது ஏ4 தாள். அந்த நோட்டின் பக்கம் ஏ4ஐவிட நீளம். சுருக்கி எடுக்கச் சொல்லாவிட்டால் அடியில் இரண்டு மூன்று வரி ஒவ்வொரு பக்கத்திலும் போய்விடும். கடைக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. வாங்குகிறவரும் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நின்று பக்கம் பக்கமாகப் பார்க்க மாட்டார்.

சீனியர் மாணவி இப்போது போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். கேட்டதும் நோட்டையே அனுப்பிவிட்டார். காணாமல்போன வரிகள் அதில் இருந்தன: "இந்த வாக்கெடுப்பில் பொதுமக்கள் நேரடியாகப் பங்கேற்கவில்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் சேர்ந்து". அங்கிருந்துதான் அடுத்த பக்கத்துக்கு '178 பேர் வாக்களித்தனர்' என்று ஓடுகிறது வாக்கியம்.

அவ்வளவுதான். ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரி போன இடத்தில்தான் மாணவர் மழையை வரவழைத்திருக்கிறார்.

கேள்வி இன்னும் மீதமிருந்தது

நோட்டைக் காட்டியதும் மாணவர் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப மக்கள ஏன் சார் கேக்கல?" என்றார்.

1954 அக்டோபர் 18இல் நடந்த கீழூர் வாக்கெடுப்பைப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறோம். தேதி, எண்கள், முடிவு, நவம்பர் 1இல் நடைமுறை ஆட்சி மாற்றம், அதோடு அடுத்த பாடம். பிரெஞ்சு இந்தியாவின் இன்னொரு பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் மக்களே நேரில் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 7,473 பேர், எதிர்த்து 114 பேர். 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பு, அங்கு வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் கைமாற்ற முடியாது என்று சொன்னது. ஆகவே, சந்திரநாகூரில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டதை இங்கே 178 பிரதிநிதிகளிடம் மட்டும் கேட்டது ஏன், அந்தச் சம்மதம் எந்த வகையில் மக்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எங்கள் நோட்ஸில் சந்திரநாகூர் வேறொரு அலகில், வேறொரு பக்கத்தில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து நாங்கள் யாரும் பாடம் சொன்னதில்லை.

மழையை வட்டமிட்ட சிவப்பு மை இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பதுதான் எனக்கு இந்த நிகழ்வில் பெரிய வருத்தம். படம் வெளியே போனது தனி மனிதர் ஒருவரின் அவசரம். கேள்வியைக் காணாமல் விட்டது எல்லோருடைய பழக்கம்.

குழுவில் இருந்த மற்ற முத்துகள்

ஒரே ஒரு விடையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, குழுவில் இதுவரை சிரிப்புக்காகப் பகிரப்பட்ட விடைகளைத் திரட்டிப் பார்த்தோம். வெறும் கைப்பிழைகளை ஒதுக்கினோம், தூக்கத்தில் எழுதியவற்றையும். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வழித்தடம் இருந்தது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

"ரோமானியர்கள் மது வாங்குவதற்காக அரிக்கமேட்டுக்கு வந்தனர்." இதற்கு வந்த சிரிப்பு எமோஜிகள் மழைக்கு வந்ததைவிட அதிகம். கடலூர்க்காரர்கள் ஏன் சிரிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக்குப் போகும் வழியில் ஆல்பேட்டையைத் தாண்டினால் என்ன விலை குறைவு என்பது இங்கே ஊரறிந்த சங்கதி. உண்மையில் சரக்கு வந்தது எதிர்த்திசையில். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது கிடைத்த ஆம்போரா சாடிகள், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்தவை. இங்கிருந்து போனவற்றில் மணிகளும் துணியும் உண்டு. மாணவர் வணிகம் நடந்ததைச் சரியாகப் பிடித்துக்கொண்டார், சரக்கையும் சரியாகப் பிடித்துக்கொண்டார், திசையை மட்டும் தான் பார்த்து வளர்ந்த திசைக்கு மாற்றிவிட்டார்.

இது சோம்பேறித்தனம் அல்ல, நினைவு வேலை செய்யும் விதமே இதுதான். கேம்பிரிட்ஜில் ஃபிரடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லவைத்தார். 1932இல் வெளியான அவருடைய ஆய்வில், கதையில் சீல் வேட்டைக்குப் போனவர்கள் திரும்பச் சொல்லும்போது மீன்பிடிக்கப் போனவர்களாகிவிட்டார்கள்; மரக்குடைவு ஓடங்கள் சாதாரணப் படகுகளாகிவிட்டன. பழக்கமில்லாதது நினைவில் தங்க வேண்டுமென்றால் பழகிய ஒன்றின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. அரிக்கமேட்டு விடையில் நடந்ததும் அதேதான். எந்தத் திசையில் எது போனது என்று ஒரு படம் வரைந்து காட்டியிருந்தால் இந்த விடை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"பாரதியாருக்குப் புதுச்சேரியில் அடைக்கலம் கொடுத்தவர் டூப்ளே." டூப்ளே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. பாரதி வந்தது 1908இல். எழுதிய மாணவிக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் டூப்ளே சிலை, கொஞ்சம் உள்ளே நடந்தால் பாரதி பூங்கா. ஒரே சாயங்கால நடையில் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர். நகரம் அவருக்கு எல்லாக் காலத்தையும் ஒன்றாகத்தான் காட்டியிருக்கிறது. வகுப்பில் நாங்கள் ஆண்டுகளைச் சொன்னோம். இருவருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது என்று ஒருமுறையாவது சொன்னோமா என்று தெரியவில்லை.

இதே வகையில் இன்னொன்று: "புதுச்சேரி 1954இல் இந்தியாவுடன் இணைந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மனம் மாறியதால் பிரிந்து 1962இல் மீண்டும் இணைந்தது." 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது, 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பின் 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி முழுமையானது. நடுவில் யாரும் பிரிந்து போகவில்லை. ஆனால் ஒரே இணைப்புக்கு இரண்டு நாள் கொண்டாடுவதைப் பார்க்கும் பிள்ளை, இரண்டு முறை இணைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதில் என்ன ஆச்சரியம்?

பிறகு சரியான விடைகள் இருந்தன. ஆம், சிரிப்புக்காகப் பகிரப்பட்டவற்றில் சரியான விடைகள்.

தாவரவியல் துறையிலிருந்து வந்தது ஒன்று: "பிச்சாவரத்தில் சேற்றுக்குள் வேருக்கு மூச்சு முட்டும். அதனால் வேர் வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கும்." எழுத்துநடை பேச்சுநடைதான். அறிவியல் தவறா? அலையாத்திக் காட்டின் நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அவிசென்னியா போன்ற மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே செங்குத்தாக எழும்பி, பட்டைத்துளைகள் வழியாகக் காற்றை எடுத்துக்கொள்கின்றன. மாணவி சொன்னதும் அதேதான். கலைச்சொல் இல்லாததற்கு அரை மதிப்பெண் குறைக்கலாம். படமெடுத்துப் போட என்ன இருக்கிறது அதில்?

இன்னொன்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "ஆங்கிலேயர் கடலூர்க் கோட்டையை விலைக்கு வாங்கிவிட்டுப் பீரங்கியால் சுட்டனர். குண்டு விழுந்த இடம் வரை அவர்களுக்குச் சொந்தமானது." வேறு துறை ஆசிரியர் ஒருவர் பொதுத்தாள் திருத்தும்போது கண்ணில் பட்டு, 'வாங்கின கடைக்கே குண்டு போட்டிருக்கான்' என்று எழுதிப் பகிர்ந்திருந்தார். அது அப்படியே உண்மை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் பேரத்தில் சேர்த்தி. சென்னையிலிருந்து பீரங்கியும் ஆளும் வந்து, சுற்றுவட்டாரத்தில் சுட்டுத்தான் எல்லை குறித்தார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் என்றே ஆவணங்களில் இடம்பெற்றன. புனித டேவிட் கோட்டையின் பின்கதை அதுதான். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்த அதே கோட்டை. விடையை எழுதியவர் குண்டு உப்பலவாடிப் பக்கத்துப் பையன். பாட்டி சொல்லக் கேட்டதை எழுதினேன் என்றார். அவருக்கு அந்தக் கேள்வியில் பூஜ்யம் போட்டிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தோம்.

ஸ்டெப் மார்க்

விசாரணையின் நடுவே துறை ஆசிரியர்களோடு வேறு சிலரையும் கூட்டிப் பேசினோம். ஓய்வு பெறப்போகும் தமிழ்ப் பேராசிரியர், "கட்டு கட்டாத் திருத்தறவனுக்கு அந்த ஒரு சிரிப்புதான்யா டீ. அதையும் புடுங்கிடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிரிக்காத அறையில் நானும் வேலை பார்க்க விரும்பமாட்டேன். பிள்ளைகள் எழுதும் வேடிக்கைகளை ரசிக்கிற ஆசிரியர் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடித்தவராகத்தான் இருப்பார்.

கணிதத் துறைப் பேராசிரியை கேட்டதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. "கணக்குல விடை தப்பாப் போனா எந்த ஸ்டெப்ல தப்பாச்சுன்னு பாப்போம் சார். அதுவரைக்கும் ஸ்டெப் மார்க் உண்டு. ஹிஸ்டரில ஏன் அப்படிப் பாக்கறதில்ல?"

அவர் துறையில் இதற்கு நல்ல ஆய்வே இருக்கிறது. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்தார்கள். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றுகிறது. விதியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல், தவறு என்று குறி போட்டுக்கொண்டே போனால் அடுத்த கணக்கும் அதே மாதிரிதான் தப்பும். எங்கள் மழை மாணவர் பின்பற்றிய விதி, எண் சின்னதாக இருந்தால் ஏதோ தடை இருந்திருக்கும் என்பது. மோசமான விதி அல்ல. தகவல்தான் போதவில்லை. அவர் எழுதிய விடையில் மாதம் சரி, 178 சரி, 170 சரி, முடிவு சரி. மறுபடி திருத்தியபோது மூன்றரை வந்தது.

தாள் யாருடையது

படமெடுத்துப் பகிர்ந்தது பற்றிப் பேச்சு வந்தபோது அறை இரண்டாகப் பிரிந்தது. பெயர் தெரியவில்லையே, என்ன தவறு என்றார்கள் சிலர். இந்த இடத்தில் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2011 ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்றது. அந்தப் பாதிதான் எல்லோருக்கும் தெரியும். தேர்வு நடத்தும் அமைப்பை நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், தாளை எழுதியவருக்குக் காட்டக் கடமைப்பட்டது போலவே வேறு யாருக்கும் காட்டாமலிருக்கவும் கடமைப்பட்டது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நாங்கள் செய்துவந்தது இரண்டிலும் தலைகீழ். மாணவருக்குத் தாளைக் காட்டிப் பேசவில்லை, ஊருக்குக் காட்டினோம்.

பகிர்ந்த ஆசிரியர் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவர் இல்லை. மாணவர்களுக்குக் கட்டணம் கட்டத் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தவர். விஷயம் தெரிந்ததும் மாணவரின் வீட்டுக்கே போனார். "தம்பி, உன்ன கேலி பண்ணணும்னு நான் போடலப்பா" என்றிருக்கிறார். மாணவர், "பரவால்ல சார்" என்றிருக்கிறார். அந்தப் 'பரவாயில்லை'யை முழுசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கு 25 இன்டர்னல் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம், வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளை வேறு என்ன சொல்ல முடியும்? இதை அவரிடமும் சொன்னேன். ஒத்துக்கொண்டார். பிறகு, துறைக் கூட்டத்தில் மாணவர்களின் முன்னிலையில் எழுந்து, படமெடுத்தது தவறு என்று சொன்னார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

செய்தவை

விடைத்தாளைப் படமெடுப்பதில்லை என்று துறையில் முடிவு செய்தோம். வேடிக்கையான விடையைப் பேச வேண்டுமென்றால் வாயால் சொல்லலாம், கையால் எழுதியும் காட்டலாம். ஆனால் இந்த விடை எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இதற்காக அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இடப்பக்கம் விடை, வலப்பக்கம் ஊகிக்கும் காரணம். பெயரோ பதிவெண்ணோ இல்லை. சிரிப்பு குறையவில்லை என்பதைத் தமிழ்ப் பேராசிரியருக்காகப் பதிவு செய்கிறேன். வலப்பக்கத்தை நிரப்பும்போதுதான் அதிகம் சிரிக்கிறோம்.

நோட்ஸை ஏ4 அளவிலேயே தட்டச்சு செய்து, நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, மூலப்படியைத் துறையில் வைத்துவிட்டோம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதிலிருந்து நேரடியாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கீழூர்ப் பகுதியில் சந்திரநாகூரையும் சேர்த்துவிட்டோம். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தவறான விடைகள் மூன்று நான்கை யாருடையவை என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எப்படி இப்படி யோசித்திருப்பார்கள் என்று வகுப்பையே கேட்கிறோம். முதல் முறை மாணவர்கள் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை, பலகையில் இருந்த விடை ஒன்றைப் பார்த்து ஒரு மாணவி கையைத் தூக்கி, "சார், அது என்னோடது. எப்படி வந்துச்சுன்னு நானே சொல்றேன்" என்றார்.

மாணவர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். வருகைக் குறைவுக்கு விலக்கு வாங்க வேண்டியிருந்தது, வாங்கினோம். 'மழை' என்ற பெயர் இன்னும் போகவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். கீழூரையும் சந்திரநாகூரையும் ஒப்பிட்டு ஒரு செமினார் கட்டுரை தயாரித்துக்கொண்டிருக்கிறார். எதிர்த்து வாக்களித்த 8 பேர் என்ன காரணம் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அந்த நாட்களின் செய்தித்தாள்களைப் புதுச்சேரியில் எந்த நூலகத்தில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தீராத ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஏற்பாடு கல்லூரிக்குள் நடக்கும் இன்டர்னல் தேர்வோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத் தேர்வுத் தாள்கள் திருத்தும் முகாமுக்குப் போனால், தாள் எந்தக் கல்லூரியுடையது என்றே தெரியாது. பதிவெண்ணுக்குப் பதிலாக டம்மி எண் மட்டும்தான். அங்கே ஒரு பிள்ளை மழை பெய்தது என்று எழுதினால், ஏன் எழுதினாய் என்று கேட்க வழியில்லை, ஜெராக்ஸைப் பார்க்கவும் முடியாது. குறைந்தபட்சம், ஒரே மாதிரியான தவறு பல தாள்களில் வந்தால் அதைக் குறித்து அந்தந்தப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்பும் ஒரு படிவத்தை முகாமில் வைக்கலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த முகாமில் நேரில் கேட்கப்போகிறேன்.